தோலும் தூரிகையும்

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் அரக்கோணத்தைக் கடந்தால் வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்னும் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாலாற்றங்கரையில் அமைந்த இவ்வூர்களோடு இராணிப்பேட்டையையும் மேல்விஷாரத்தையும் பேரணாம்பட்டையும் சேர்த்துக்கொண்டால், தென்னாட்டின் தோல் நாடு என்று சொல்லத்தக்க பகுதி முழுமை பெற்றுவிடும். முன்னாளில் வடஆர்க்காடு மாவட்டமாகவும், பின்னர் வேலூர் மாவட்டமாகவும் இருந்த இந்நிலப்பரப்பு, 2019ஆம் ஆண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆட்சி எல்லைகள் மாறினும் தொழில் மாறவில்லை.

இத்தொழில் ஈட்டும் செல்வத்தைப் பற்றிப் பலரும் பேசியிருக்கின்றனர். நான் இன்று பேச விரும்புவது, இத்தொழிலின் வாயிலில் நிற்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றி. அப்பிள்ளைக்குக் கையில் திறன் உண்டு. கண்ணில் நுட்பம் உண்டு. வீட்டில் வறுமையும் உண்டு. கற்கும் காலத்திலேயே அவனுக்கு ஊதியம் அளித்து, அருகில் நின்று வழிகாட்ட ஓர் ஆசானையும் அளித்து, உழைப்பாளியாக மட்டுமன்றிப் படைப்பாளியாகவும் அவனை வளர்க்க இயலுமா? இக்கேள்விக்குச் சென்னை மாகாணம் ஒரு காலத்தில் விடை காணத் தொடங்கியது. அந்த விடை பாதியிலே நின்றுவிட்டது. நின்ற இடத்தையும் காரணத்தையும் அறிவது நமக்கு இன்றும் பயன்படும்.

முதலில், தோல் நாட்டில் பிள்ளைகள் தொழில் கற்ற பழைய முறையைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சார்லஸ் டி சூசா என்னும் யூரேசியர் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சென்னைப் பகுதியில் திருத்தமுற அமைத்தார். ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். கடுக்காய்ச் சாற்றில் தோய்த்தால் அக்குறை நீங்கும். பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் ஆற்று நீரும் கிடைத்த இடங்களில் தோல் கிடங்குகள் எழுந்தன. அங்குப் பதனிட்ட தோல்கள் பெரியமேட்டு மண்டிகளுக்கு வந்து, கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றன. அவற்றைக் கிழக்கிந்தியத் தோல் என்று மேனாட்டார் அழைத்தனர்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ஏற்றுமதியான தோல் அரைகுறையாகப் பதனிடப்பட்ட தோல். அதற்குச் சாயம் ஏற்றுவதும், மெருகு கொடுப்பதும், அதை வெட்டித் தைத்துச் செருப்பாகவும் பையாகவும் கையுறையாகவும் ஆக்குவதும் கடல் கடந்த நாடுகளில் நடைபெற்றன. எனவே, தொழிலில் கற்பனைக்கு இடமான பகுதி முழுவதும் அங்கே போய்விட்டது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குதல், மயிர் களைதல், சதை சீவுதல், பட்டை இடித்தல், ஈரத் தோலைச் சுமத்தல் ஆகிய வேலைகளே இங்கு எஞ்சின. கிடங்கிற்குள் நுழைந்த சிறுவன் இவற்றைத் தந்தையின் பின்னாலோ மாமனின் பின்னாலோ நின்று பழகினான். அவனுக்குக் கூலி கிடைத்தது. ஆயினும் தோலின் மேல் ஒரு கோடு வரையுமாறு அவனிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் எவருக்கும் ஏற்படவில்லை. போதாக்குறைக்கு, தோலைத் தொடும் கையை இழிவாகக் கருதிய சமூகக் கொடுமையும் அவனைச் சூழ்ந்து நின்றது. தச்சன் மகனுக்கும் கன்னான் மகனுக்கும் குலத்தொழிலோடு ஓரளவு மதிப்பும் கிடைத்தது. தோல் தொழிலாளியின் மகனுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இனி, சென்னைப் பட்டணத்துக்குத் திரும்புவோம். 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் இராணுவ மருத்துவர், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பிராட்வேயில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அதனுடன் ஒரு தொழிற்பள்ளியையும் சேர்த்தார். சித்திரம் வரைதல், அச்சுக்கு மரத்தில் செதுக்குதல் முதலியவை ஒரு பக்கத்திலும், மட்பாண்டம், செங்கல், ஓடு ஆகியவற்றைச் செய்தல் மற்றொரு பக்கத்திலும் கற்பிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அந்தப் பள்ளியே.

ஹண்டரின் எண்ணம் எளியது. பிழைப்புக்கு வழியில்லாத இளைஞன் கலையை மட்டும் கற்றால் பசியால் வாடுவான். தொழிலை மட்டும் கற்றால் பிறர் வகுத்ததையே செய்துகொண்டிருப்பான். இரண்டையும் ஒரு கூரையின்கீழ் கற்பித்தால் இரண்டு குறையும் தீரும். மாணவர் செய்த பொருள்கள் விலைக்குப் போயின. பயிற்சிக் காலத்திலேயே சிறு உதவித்தொகை அளிக்கும் வழக்கமும் நாட்டின் தொழிற்பள்ளிகளில் நாளடைவில் வேரூன்றியது. 1880களில் இப்பள்ளியின் பொறுப்பில் இருந்த ஹாவெல், இந்நாட்டுக் கைவினைகளைப் பழித்து ஒதுக்காமல், அவற்றை ஊன்றிக் கற்க வேண்டும் என்ற நோக்கத்தைப் பள்ளிக்குள் கொணர்ந்தார்.

ஆனால் இப்பள்ளியின் வரலாற்றில் நம் பேச்சுக்கு மிக நெருங்கியவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். இவர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலைப்பள்ளியின் பொறுப்பும் இவரிடம் வந்தது. 1898ஆம் ஆண்டில் இவர் அங்கே ஒரு புதுமையைத் தொடங்கினார். அலுமினியம் அப்போது புதிய உலோகம். செம்பும் பித்தளையும் விலை உயர்ந்திருந்த காலம். உலோகத் தொழிலாளரைக் கொண்டு அலுமினியத் தகட்டில் சமையற் பாத்திரங்களைச் செய்வித்தார். மக்கள் விரும்பி வாங்கினர். பட்டறை வளர்ந்தது, சில ஆண்டுகளில் அது ஒரு தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டது. நம் வீடுகளில் அலுமினியப் பாத்திரம் புகுந்த கதையின் முதல் அத்தியாயங்களில் ஒன்று ஒரு கலைப்பள்ளியின் முற்றத்தில் எழுதப்பட்டது என்பது வியப்புக்குரிய செய்தியன்றோ?

அலுமினியத்துக்குப்பின் சாட்டர்டன் கைவைத்தது தோலில். 1903ஆம் ஆண்டளவில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகள் கலைப்பள்ளியிலேயே தொடங்கின. பட்டை முறையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை, குரோமிய உப்புக்களைக் கொண்டு செய்தால் சில நாட்களில் முடியும். அது மட்டுமன்று; குரோம் தோல் நீரில் எளிதில் அழுகாது. இதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சாட்டர்டன் சிந்தித்த விதமே சிறப்பானது. மேனாட்டுச் சந்தையை அவர் முதலில் நோக்கவில்லை. நம் உழவரின் கிணற்றை நோக்கினார். மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக்குத் தோற்பை வேண்டும். நாள் முழுவதும் நீரில் தோயும் அத்தோல் விரைவில் இற்றுப்போகும். குரோம் தோலில் செய்த கவலைப் பை நெடுநாள் உழைத்தது. அவ்வாறே செருப்புகளும், குதிரைச் சேணத்துக்குரிய வார்களும் செய்யப்பட்டன. தேவை எது, பொருள் எது, வடிவம் எது என்னும் மூன்றையும் ஒருங்கே சிந்திப்பதற்குத்தான் இன்று வடிவமைப்பு என்று பெயர். அது அன்றே அங்கு நிகழ்ந்தது.

வேலை பெருகவே, தோற்பிரிவு செம்பியத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் இலாபம் தென்பட்டதும் எதிர்ப்பும் தென்பட்டது. அரசாங்கமே தொழில் நடத்தினால் தனியார் என் செய்வது என்று சென்னையின் ஐரோப்பிய வணிகர் முறையிட்டனர். 1910ஆம் ஆண்டில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு, தொழிற்கல்விக்கு அரசாங்கப் பணத்தைச் செலவிடலாம், வாணிக முறையில் தொழிற்சாலை நடத்தக் கூடாது என்று முடிவுரைத்தார். செம்பியம் தொழிற்சாலை இரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சாட்டர்டன் 1912ஆம் ஆண்டில் மைசூருக்குச் சென்றுவிட்டார். குரோம் முறை மட்டும் அழியவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் பல்லாவரத்தை அடுத்து எழுந்த தனியார் குரோம் தோல் தொழிற்சாலை ஒன்று, குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரையே நமக்குத் தந்துவிட்டது.

நேயர்களே, மார்லி பிரபுவின் முடிவு வணிகருக்கும் அரசுக்கும் இடையே எழுந்த வழக்கைத் தீர்த்த முடிவு என்று பொருளாதார நூல்கள் கூறும். அதன் விளைவு வேறோர் இடத்திலும் விழுந்தது என்று நான் கருதுகிறேன். விற்பனைக்குரிய உண்மையான பொருளைச் செய்துகொண்டே கற்பது என்பது ஒரு வகைக் கல்வி. பொருளையும் சந்தையையும் விலக்கிவிட்டுக் கற்பது மற்றொரு வகைக் கல்வி. முன்னதில் மாணவனுக்கு ஊதியம் இயல்பாகவே வரும். பின்னதில் அது தருமமாகத்தான் வர முடியும். 1910ஆம் ஆண்டின் முடிவு, பள்ளியைப் பின்னதன் பக்கம் தள்ளிவிட்டது.

அதன்பின் தோலும் தூரிகையும் தனித்தனி வழியே சென்றன. முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் வண்ணாரப்பேட்டையில் தோல் தொழிலுக்கென ஒரு தனிப்பள்ளி ஏற்பட்டது. போர்வீரர்களின் பூட்ஸுக்காகக் கிழக்கிந்தியத் தோலை அரசாங்கம் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்ட காலம் அது. அங்கே கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் தோல் பதனிடும் நுட்பம். 1948ஆம் ஆண்டில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1950களின் இறுதியிலிருந்து அதன் இயக்குநராக விளங்கிய நாயுடம்மா, ஆராய்ச்சிக்கூடத்துக்கும் கிடங்குக்கும் இடையே இருந்த சுவரை இடித்துப் பெரும்பணி புரிந்தார். ஆயினும் அந்நாளில் அந்நிலையத்தின் முதற்கவனம் வேதியியலில் இருந்தது. அன்றைய தேவையும் அதுவே.

மறுபுறம் கலைப்பள்ளி என்ன ஆயிற்று? 1929ஆம் ஆண்டளவில் தேவிபிரசாத் ராய் சௌதுரி அதன் தலைமையை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. சிற்பத்திலும் ஓவியத்திலும் ஒரு தலைமுறை அவரிடம் உருவாயிற்று. சென்னைக் கடற்கரையில் 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடைய கைவண்ணம். அவருக்குப்பின் 1957ஆம் ஆண்டில் தலைமை ஏற்ற கே.சி.எஸ். பணிக்கர் ஒரு கசப்பான உண்மையைக் கண்டார். திறமை மிக்க மாணவர் பள்ளியை விட்டு வெளியேறியதும் பிழைப்பின்றி ஓவியத்தையே கைவிட்டனர். எனவே, அவரும் மாணவரும் கூடி ஒரு கைவினைச் சங்கம் அமைத்தனர். துணியில் பாத்திக் வேலை முதலியன செய்து விற்றனர். அதில் திரண்ட பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966ஆம் ஆண்டில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினர். கைவினை சோறு போடும். சோறு கிடைத்தால் கலை வளரும் என்பது அவர்கள் கண்ட வழி. நூறாண்டுக்கு முன் ஹண்டர் சொன்னதும் இதுவேயன்றோ?

கைத்தறிக்கும் இதுபோன்ற நற்பேறு கிட்டியது. 1950களின் நடுவில் அமைந்த நெசவாளர் சேவை மையங்கள் ஓவியர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, நெசவாளரோடு உட்காரவைத்தன. ஓவியனுக்கு வேலை; நெசவாளனுக்குப் புதிய கோலம். தோல் தொழிலாளிக்கும் ஓவியனுக்கும் இடையே இப்படி ஒரு பாய் விரிக்கப்பட்டிருந்தால் ஆம்பூரின் வரலாறு வேறு விதமாக அமைந்திருக்கும்.

பாய் விரிக்கப்படாத அந்த ஆண்டுகளில் தோல் நாட்டின் பிள்ளைகள் எங்கிருந்தனர்? 1931ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த விட்லி கமிஷன், சட்டத்துக்கு உட்படாத பட்டறைகளைப் பற்றி எழுதும்போது பீடி, கம்பளம் முதலியவற்றோடு தோல் பதனிடுதலையும் கருதியது. ஐந்து வயதுக் குழந்தைகளும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்த பட்டறைகள் நாட்டில் இருந்ததை அக்கமிஷன் பதிவு செய்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம், பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாத தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலைச் சேர்த்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் வயதெல்லை பதினான்காக இருந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரையும் ஆபத்தான தொழில்களிலிருந்து விலக்கிற்று. இவை யாவும் நல்ல சட்டங்கள். தீய கதவை அவை அடைத்தன. ஆனால் நல்ல கதவு ஒன்றைத் திறப்பது சட்டத்தால் மட்டும் ஆவதன்று.

செல்வர்கள் தம் கடமையை மறந்தனர் என்றும் சொல்லுவதற்கில்லை. 1919ஆம் ஆண்டில் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. தோல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம், மருத்துவத்துக்கும் கல்விக்கும் வாரி வழங்கிய வள்ளல். 1965ஆம் ஆண்டில் அவர் பெயரால் அவ்வூரில் ஒரு கல்லூரி தோன்றியது. தோலில் விளைந்த பணம் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் மாறியது. எனினும் அக்கல்வி பிள்ளைகளைத் தோலிலிருந்து விலக்கி, அலுவலகங்களுக்கு அனுப்பும் கல்வியாகவே பெரும்பாலும் அமைந்தது. இழிவு சுமத்தப்பட்ட தொழிலிலிருந்து விடுபட விரும்பியவர்களை யாரே குறைகூற வல்லார்?

1970களின் தொடக்கத்தில் பெரிய மாறுதல் ஒன்று நேர்ந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, அரைகுறைத் தோலின் ஏற்றுமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ தொழிற்சாலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் தையற்பொறிகளின் முன் அமர்ந்தனர். வெட்டுதல், ஓரம் சீவுதல், தைத்தல் ஆகிய வேலைகளில் அவர்கள் கை தேர்ந்தது. ஒரு நூற்றாண்டாகக் கடல் கடந்திருந்த தொழிற்பகுதி வீடு திரும்பிற்று. ஆனால் முழுவதும் திரும்பவில்லை. எந்த வளைவில் வெட்டுவது, எந்த நிறத்தில் சாயம் ஏற்றுவது என்னும் மாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பிய வாணிகரிடமிருந்தே வந்தன. அப்பன் பிறர்க்காகத் தோல் சுமந்தான். மகள் பிறர் மாதிரிக்குத் தைத்தாள். பெரிய நிறுவனங்கள் சில சொந்த வடிவமைப்புக் கூடங்களை அமைத்திருப்பது பின்னர் விளைந்த நன்மை.

இதன் அவசியத்தை மற்றொரு நிகழ்ச்சியும் உணர்த்தியது. பாலாறு மாசுபட்டதைக் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறி நிலைபெற்றது. மேலும் மேலும் தோலைப் பதனிட்டு வளர்வது என்பது இனி இயலாது. ஆறு அதைத் தாங்காது. ஒரு தோலிலிருந்து கூடுதலான மதிப்பைப் பெறுவதே வழி. அந்த மதிப்பு வடிவத்தில்தான் இருக்கிறது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் சாந்தா குரோசே என்னும் மடாலயம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பெற்றோரை இழந்த சிறுவர்க்குப் பிழைப்புக்கு வழிகாட்ட எண்ணிய பிரான்சிஸ்கன் துறவிகள், 1950ஆம் ஆண்டில் கோரி, காசீனி என்னும் தோல் கைவினைக் குடும்பத்தாரின் துணையுடன் அம்மடத்திலே ஒரு தோற்பள்ளியைத் தொடங்கினர். கைதேர்ந்த ஆசான் பக்கத்தில் நிற்க, சிறுவர் தோலை வெட்டிப் பொன்னிழைத்து அழகுபடுத்தக் கற்றனர். அப்பள்ளி இன்றும் பிளாரன்ஸில் நடைபெறுகிறது. அங்குச் செய்யும் பொருள்கள் அங்கேயே விற்பனையாகின்றன. சாட்டர்டன் பட்டறையை நம்மவர் விற்று நாற்பது ஆண்டுகள் ஆனபின் பிளாரன்ஸ் அதனையொத்த ஒன்றைத் தொடங்கியது. நம்மிடம் குறைவாக இருந்தது திறமை அன்று, தொடர்ச்சியே.

இன்று அத்தொடர்ச்சிக்குக் கருவிகள் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பதினான்கு வயது நிரம்பியவர் ஊதியத்துடன் தொழில் பழக வழிவகுத்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், ஆபத்தான தொழில்களில் பழகுவோர்க்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என விதித்தது. ஆகவே, பதினாறு வயதுப் பிள்ளையைச் சுண்ணாம்புத் தொட்டியருகே நிறுத்தக் கூடாது, நிறுத்தவும் வேண்டா. ஆனால் காகிதத்தில் மாதிரி வரைவதும், அதனை அட்டையில் வெட்டிப் பார்ப்பதும், நிறங்களைப் பொருத்துவதும் தொட்டியருகே நடக்கும் வேலைகள் அல்லவே. பள்ளிப் படிப்புக்கு இடையூறின்றி அவ்வேலையைக் கற்பிக்க முடியும்.

அப்படிக் கற்பிக்கும்போது மூன்று செய்திகளை வரலாறு நமக்கு நினைவூட்டுகிறது. ஊதியம் இல்லாத பயிற்சி ஏழைப் பிள்ளைக்கு எட்டாது. இது பணிக்கரின் மாணவர் பட்ட பாட்டால் விளங்குவது. ஆசான் இல்லாத ஊதியம் வெறுங்கூலியாகிவிடும். இது பழைய கிடங்குகளில் வளர்ந்த சிறுவரின் வாழ்வால் விளங்குவது. இவ்விரண்டும் இருந்தாலும், செய்யும் பொருள் உண்மையான சந்தைக்குச் செல்லாவிட்டால் பயிற்சி நெடுநாள் நிலையாது. இது செம்பியத்தின் கதையால் விளங்குவது.

கலைப்பள்ளியின் பழைய கட்டடங்கள் இன்றும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிற்கின்றன. அங்கே ஒரு மூலையில் நீரில் இற்றுப்போகாத ஒரு கவலைப் பையை உழவனுக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்று சிலர் ஒரு காலத்தில் உழைத்தார்கள். அங்கிருந்து ஆம்பூர் இரயிலில் சில மணி நேரத் தொலைவுதான். அந்தச் சிறு தொலைவைக் கடக்க நமக்கு நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இனிப் பிறக்கும் தலைமுறையில், ஆம்பூரில் தைத்த காலணியின் வடிவத்தை வரைந்ததும் ஆம்பூர்ப் பிள்ளை ஒன்றே என்று சொல்லும் நாள் வருமாயின், ஹண்டர் தொடங்கிய பாடம் அன்றுதான் நிறைவுபெறும்.